கட்டிலடியில் ஐந்து லிட்டர் கேன்

எலியின் மூத்திரம் என் உடம்புக்குள் போயிற்று. அதனால்தான் பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாட்களில் கேட்டவர்களிடமெல்லாம் "கிட்னியில கொஞ்சம் நீர்க்கட்டு" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுநீர் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்கிறாள் என் மகள் பிரின்ஸி. இருக்கலாம். ஆனால் அங்கே நாறியது மூத்திரம்தான்.

நானும் என் வீட்டுக்காரர் செல்வராஜும் செங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ரப்பர் பால் வாங்கும் கடை வைத்திருக்கிறோம். மரம் சீவுகிறவர்கள் காலையில் பக்கெட்டில் பாலைக் கொண்டுவருவார்கள். அந்தப் பாலில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்தான். உள்ளே எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடி மிதவை உண்டு. ரப்பர் அதிகமிருந்தால் பாலுக்குள் ஆழமாக முங்கும், தண்ணீர் அதிகமானால் மேலே எழும்பும். அதன் கழுத்தில் உள்ள கோட்டை வாசித்து, லிட்டரோடு பெருக்கினால் ரப்பர். யாராவது சண்டைக்கு வந்தால் கொஞ்சம் பாலைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, காயவைத்து, நிறுத்துக் காட்டுவேன். மிதவை சொல்வது ஊகம். தட்டு சொல்வது உள்ளது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்தப் பெருக்கலில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்களிடம் இருபது வருஷமாக ஒரே பேச்சுதான்: "வெள்ளம் ஊத்தினா லிட்டர் கூடும், ரப்பர் கூடாது. பெருக்கிப் பாரு, பழைய எடத்துலதான் வந்து நிக்கும்."

இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என் தலையிலேயே வந்து விழுந்தது.

மழைக்காலத்தில் எங்கள் கடைக்குப் பின்னால் ஓடை நிறைந்து தரைக்கு ஏறிவிடும். அதில் செருப்பில்லாமல் நின்று பக்கெட் கழுவினேன். என் குதிகால் இரண்டும் வெடித்துப் பிளந்திருக்கும். எலி கடையில் உண்டு. எத்தனை பொறி வைத்தாலும் போகாது. எலியின் மூத்திரம் தண்ணீரில் கலந்து, காலின் வெடிப்பு வழியாக ரத்தத்தில் ஏறும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பஞ்சாயத்தில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். நான் தும்மினாலே பயப்படுகிறவள். இடி இடித்தால் பிரின்ஸி வேலை பார்க்கும் துணிக்கடைக்கு மூன்று முறை போன் செய்வேன். ஆனாலும் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

காய்ச்சல் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்கித் தின்றேன். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் உயிர் போனது. மூன்றாம் நாள் கண் இரண்டும் மீன் செவுள் மாதிரி சிவந்துவிட்டது. நான்காம் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூத்திரமே போகவில்லை. கடைசியாக வந்தது பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் ஒரு ஸ்பூன்.

"எனக்கு என்னமோ ஆயிப்போச்சு கேட்டியளா. நான் சாவப்போறேன்" என்றேன்.

செல்வராஜ் என் கண்ணைப் பார்த்தார். "நீ மாசத்துக்கு ஒருக்க சாவுவ. இந்த மாசம் கொஞ்சம் நேரத்தே வந்துட்டு. எந்திரி, ஆட்டோ கூப்பிடுதேன்" என்றார். சொல்லும்போது அவர் கை சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டேயிருந்தது. போட்டிருந்தது பொத்தானில்லாத பனியன்.

நெய்யாற்றின்கரைக்கு அப்பால் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. பெயர் எழுதவில்லை. முதலில் நான் கண்டது அங்கிருந்த காத்திருப்பு அறையைத்தான். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றின் குழியிலும் யாரோ உட்கார்ந்து எழுந்த ஈரம். எனக்குப் பக்கத்தில் ஒருவர் பையில் வாந்தி எடுத்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கூரையில் பல்லி எச்சம்.

ரத்தம் எடுத்தார்கள். எலிக்காய்ச்சல், கிட்னி இரண்டும் வேலை நிறுத்தம் என்றார்கள். நான் தின்ற வலி மாத்திரை அதற்கு மேலும் அடித்திருக்கிறது. கழுத்தின் வலது பக்கம் ஒரு குழாயைக் குத்தி இறக்கினார்கள். அதன் இரண்டு வால்கள் வெளியே தொங்கின, ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீல மூடி. அதில் பெரிய பெட்டியை இணைத்து, ரத்தத்தை வெளியே இழுத்து, அலசி, திரும்ப உள்ளே அனுப்புவதுதான் டயாலிசிஸ். நாலு மணி நேரம். என் ரத்தம் கண் முன்னே குழாயில் சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்தேன். தொட்டால் அந்தக் குழாய் சூடாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தக்காளிச் சாறு இறங்குவதில்லை.

பத்து நாளில் நாலு முறை அலசினார்கள். காய்ச்சல் இறங்கியது. பிறகு, யாரும் கேட்காமலே, மூத்திரம் வர ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு அடக்க முடியாத அளவுக்கு. செல்வராஜ் ஒவ்வொரு முறையும் "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை.

கிட்னி டாக்டர் ஒரு பெண். திருவனந்தபுரத்து ஆள். தமிழும் மலையாளமும் பாதிப்பாதி. நாற்பது வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருப்பார். எதையும் வரைந்து காட்டாமல் அவருக்குச் சொல்ல வராது.

லேப் காகிதத்தில் 'கிட்னி வேகம் 9' என்று அச்சடித்திருந்தது. நூற்றுக்கு ஒன்பது என்று நினைத்து நான் சாப்பிடாமல் கிடந்தேன்.

"அந்த எண்ணை விடுங்க சேச்சி. இப்போ அது பொய்" என்றார் டாக்டர்.

"அச்சடிச்சிருக்கே டாக்டரே?"

"அச்சடிச்சது கம்ப்யூட்டர். அது உங்க கிட்னியைப் பார்த்ததில்ல. ரத்தத்தில ஒரு அளவு, வயசு, ஆணா பெண்ணா. அது மூணையும் போட்டு ஒரு கணக்கு பண்ணுது. அவ்வளவுதான்."

கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒரு தொட்டி வரைந்தார். மேலே ஒரு குழாய், அடியில் ஒரு துவாரம். "இது நீங்க" என்றார்.

மேலே இருக்கிற குழாய் என் சதை. சதை வேலை செய்யும்போது ஓயாமல் ஒரு கழிவு உண்டாகும், அதன் பெயர் கிரியாட்டினின். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் உண்டாகும். அடியில் இருக்கிற துவாரம் கிட்னி. தொட்டியில் நிற்கிற மட்டம்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிவது. மட்டம் ஏறாமல் இறங்காமல் நின்றால், மட்டத்தை மட்டும் பார்த்தே துவாரம் எவ்வளவு பெரிது என்று கம்ப்யூட்டர் ஊகித்துவிடும். என் தொட்டியில் மட்டம் நிற்கவில்லை. பெட்டி வைத்து நடுவே இறைத்துவிட்டார்கள். அதனால் ஊகம் செல்லாது.

"அதனால துவாரத்தில போறதை நேரடியா பிடிச்சு அளக்கணும். ஒரு முழு நாள். இருபத்திநாலு மணி நேரம் போற மூத்ரம் முழுவதும் ஒரு கேன்ல. அதில கழிவு எவ்வளவுன்னு பார்த்தா கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். போதுமான அளவு இருந்தா கழுத்துக் குழாயை எடுத்துடலாம். இல்லைன்னா நெஞ்சில வேற குழாய் வைக்கணும், மாசக்கணக்கில நிக்கிறது. வாரம் மூணு நாள் இங்கே வரணும்."

எனக்கு விஷயம் உடனே புரிந்தது. மிதவை வேண்டாம், தட்டில் ஊற்றிக் காயவை என்கிறார். புரிந்ததோடு அருவருப்பும் வந்தது. நாற்பத்தாறு வயது, ஒரு பிள்ளை பெற்றவள், சபையில் பாட்டுக்குழுவில் முன்வரிசை. எல்லாம் கழிந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டி. அந்தப் படத்தைச் செல்வராஜ் வேறு கேட்டு வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷீபா சிஸ்டர் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனும் பிளாஸ்டிக் கப்பும் கொண்டுவந்தாள். சின்னப் பெண். கேனில் என் பெயரை எழுதி ஒட்டினாள்.

"ஆறு மணிக்கு ஒருக்க போயிட்டு அதைக் களைஞ்ஞிடணும், கேன்ல வேண்டாம். அதுக்குப் பிறகு நாளைக்கு ஆறு மணி வரைக்கும் ஒரு துள்ளி வெளியே போவக்கூடாது சேச்சி. கக்கூசுக்குப் போனாலும் முதல்ல கப்புல."

"செரி மோளே."

கேன் கட்டிலுக்கு அடியில். அதற்கு மேல் நான் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மூடினாலும் வாசம் வந்தது. எங்கள் கடையில் பால் கெடாமல் இருக்க அமோனியா ஊற்றுவோம், அந்த நெடி எனக்கு இருபது வருஷப் பழக்கம். இதுவும் அதே நெடிதான், ஆனால் இது என்னிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் வார்டின் கோடியில் இருக்கிற கழிப்பறைக்குப் போய், கப்பில் பிடித்து, ஆறு கட்டில்களைத் தாண்டி ஏந்திக்கொண்டு வந்து, கேனில் ஊற்றி, கப்பைக் கழுவ வேண்டும். சூடாக இருக்கும். நுரை நிற்கும். கழிப்பறைத் தரையில் யாருடையதோ நின்றுகொண்டிருக்கும், அதை மிதிக்காமல் நடக்க வேண்டும். எனக்கு எதிர்க்கட்டிலில் சரோஜா அக்கா, அதியன்னூர்க்காரி, இரண்டு வருஷமாக டயாலிசிஸ் செய்கிறவள். நான் போகும்போதெல்லாம் படுத்தபடியே எண்ணுவாள்.

"அஞ்சு. நல்லா வருது பிள்ளே உனக்கு."

அவளுக்கு மூத்திரம் போய் ஒரு வருஷமாகிறது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கிடந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

மாலை நாலு மணிக்குச் சபைப் பெண்கள் வந்தார்கள். ஏழு பேர். முன்னால் எஸ்தர் மைனி, செல்வராஜின் மூத்த அக்கா, பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மைனி என் கடைக்கு வந்தால் சேலையை முட்டு வரை தூக்கிக்கொண்டுதான் நடப்பார். "இது கடையா, எலிக்கூடா?" என்று பதினைந்து வருஷமாகக் கேட்கிறார். அந்த ஒரு வாய்க்குப் பயந்துதான் நான் எலிக்காய்ச்சலை நீர்க்கட்டு ஆக்கியது.

கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாட்டு. சங்கீதம் வாசிப்பு. ஜெபம். ஒருவர் முடித்தால் அடுத்தவர். மைனியின் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளித் துண்டுக்கு அடியில் கேன். எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. கிட்னி திரும்பி வரும்போது அடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜெபத்தில் உருகுகிறேன் என்று நினைத்து மைனி இன்னும் சத்தமாக ஜெபித்தார்.

கடைசியில் எழுந்தேன். குனிந்து கப்பை எடுத்தால் துண்டு விலகும். துண்டு விலகினால் கேன் தெரியும். ஏழு பேரின் நடுவே, உள்ளே மஞ்சளாய்த் தெரிகிற ஒரு கேன். நான் கப்பை எடுக்கவில்லை. நேராக நடந்தேன். கழிப்பறையில் எல்லாம் கீழே போயிற்று. அன்றைக்கு வந்ததிலேயே அதிகம் அதுதான். சத்தத்தை வைத்தே தெரிந்தது.

திரும்பி வந்து அரை மணி ஆகவில்லை, மறுபடியும் முட்டியது. இந்த முறை மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றார். அதுவும் போயிற்று.

அவர்கள் கிளம்பியபின் துண்டை விலக்கிப் பார்த்தேன். காலையில் இருந்த வேகத்துக்கு இந்நேரம் கேன் பாதிக்குமேல் இருக்க வேண்டும். இல்லை. சிஸ்டர் பார்த்தால் என்ன சொல்வாள்? டாக்டர் பார்த்தால் கிட்னி மறுபடி நின்றுவிட்டது என்பாரே? செல்வராஜ் சாயா குடிக்கப் போயிருந்தார். நான் குழாயில் இரண்டு கப் தண்ணீர் பிடித்து, கேனில் ஊற்றி, மூடியை இறுக்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷீபா சிஸ்டர் கேனைத் தூக்கிப் பார்த்தாள். "முழுவதும் உண்டோ சேச்சி?"

"உண்டு மோளே."

அன்று மத்தியானம் டாக்டர் வந்தார். கையில் தொட்டிப் படம் மாதிரி இன்னொரு படம், சுற்றிலும் எண்கள். கட்டிலில் உட்கார்ந்தே விட்டார்.

"சேச்சி, கணக்கு ஒத்துவரல."

நான் போர்வை நுனியை மடிக்க ஆரம்பித்தேன்.

"பாருங்க. ஒரு நாளில சதை உண்டாக்கினது ரெண்டு இடத்துக்குத்தான் போகமுடியும். ஒண்ணு, துவாரம் வழியா கேனுக்கு. இல்லைன்னா தொட்டியிலேயே தங்கி மட்டம் ஏறும். மட்டம் எவ்வளவு ஏறிச்சுன்னு ரத்தத்தில பார்த்தாச்சு. கேன்ல எவ்வளவுன்னு பார்த்தாச்சு. ரெண்டையும் கூட்டினா உங்க உடம்பு உண்டாக்கினது வரணும். ஆனா வர்ற எண் ஒரு சின்னக் குழந்தையோட உடம்புக்குத்தான் சரி."

என் கையைப் பிடித்துத் தோளுக்குக் கீழே சதையை அழுத்திப் பார்த்தார். பக்கெட் தூக்கும் கை. பதினாலு நாள் படுக்கையிலும் அது அப்படியொன்றும் வற்றிவிடவில்லை.

"ஒண்ணு கேன்ல குறையுது. இல்லைன்னா என் கணக்கு தப்பு. படுத்துக் கிடந்து சதை நான் நினைச்சதைவிட அதிகமா போயிருக்கலாம். உயிருள்ள உடம்பு, கணக்குக்கு வெளியேயும் போகும். எல்லாம் பிடிச்சீங்க இல்லையா?"

"பிடிச்சேன் டாக்டரே."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "அப்படின்னா என் கணக்கைத்தான் மாத்தணும். இந்த எண்ணை நம்பினா கிட்னி போதாது. நாளைக்கு நெஞ்சுக் குழாய் வைப்போம்."

ஏன் சொல்லவில்லை என்று பிறகு செல்வராஜ் கேட்டார். வெட்கம் ஒன்று. ஷீபா சிஸ்டருக்குத் திட்டு விழும் என்ற பயம் ஒன்று. ஆனால் அதெல்லாம் மேலே மிதக்கிற நுரை. உள்ளே இருந்தது வேறு. இப்போது வந்த எண் பொய் என்று எனக்குத் தெரியும். பொய் எண்ணாக இருக்கிற வரைக்கும் என் கிட்னி நன்றாக இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். மறுபடி ஒழுங்காகப் பிடித்து, அதிலும் குறைவாக வந்துவிட்டால்? அதற்குப் பிறகு ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? பயந்தவளின் புத்தி அப்படித்தான் போகும். நெஞ்சில் குழாய் வைத்துக்கொள்வேன், உள்ளதைக் கேட்கமாட்டேன்.

சம்மதக் காகிதம் வந்தது. செல்வராஜ் கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி வீட்டில். யாரிடமாவது இரவல் வாங்கி வருகிறேன் என்று கீழே போனார். திரும்பி வர நேரமானது. எங்கேயோ நின்று அழுதிருப்பார்.

எதிர்க்கட்டிலில் சரோஜா அக்கா எழுந்து உட்கார்ந்தாள். நைட்டியின் முதல் இரண்டு பொத்தானைக் கழற்றித் தோளை விலக்கினாள்.

"இஞ்ச பாரு பிள்ளே."

நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு குழாய். சுற்றிலும் பழைய பிளாஸ்திரியின் கறுத்த பசை. துளையின் ஓரத்தில் காய்ந்த சீழ்.

"ரெண்டு வருசமா இத வச்சுக்கிட்டு நான் தலைக்குக் குளிக்கல்ல. நாறுதா?"

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நாறியது.

"நேத்து நீ கப்பு எடுக்காம ரெண்டு தடவ போனத நான் எண்ணினேன். பொறவு வெள்ளம் ஊத்தினதயும் பாத்தேன். எனக்கு இதுல ஒரு சொட்டு வந்தா, நான் அத கண்ணாடிக் குப்பியில ஊத்தி ரோட்டுல கொண்டு நடப்பேன். ஒனக்கு ரெண்டு கப்பு வந்தும் வெக்கமாக்கும். த்தூ."

அந்தத் துப்பல் தரையில் விழவில்லை. ஆனால் பட்டது.

நான் கழுத்துக் குழாயின் இரண்டு வாலையும் பிடித்துக்கொண்டு நர்ஸ் மேசைக்கு நடந்தேன். டாக்டர் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தார். ஷீபா சிஸ்டரும் நின்றாள். வேறு யாரும் இல்லாத இடத்தில் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்தது.

"டாக்டரே, ரெண்டு தடவ கேன்ல ஊத்தல்ல. ஆளு இருந்தாவ. சிஸ்டர்கிட்ட நான் பொய் சொன்னேன், அவ மேல தப்பில்ல. பொறவு ரெண்டு கப்பு வெள்ளம் சேத்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ என் கணக்கு தெற்றில்ல, சரிதான்!" என்றார் ஷீபாவிடம். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கழுத்தில் குழாய் தொங்குகிறது, இந்தம்மாவுக்குத் தன் தொட்டி சரியாகிவிட்டதில் சந்தோஷம்.

"தண்ணி ஊத்தினதில பிரச்சினை இல்ல சேச்சி. தண்ணி ஊத்தினா அளவு கூடும்..."

"...கழிவு கூடாது. பெருக்கினா பழைய எடத்துலதான் நிக்கும். எனக்குத் தெரியும் டாக்டரே. நான் இருவது வருஷமா ஆளுவளுக்குச் சொல்லுதது ஆக்கும்."

"பின்னெ எந்தினா ஒழிச்சது?"

எதற்காக ஊற்றினேன் என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்ல. என் கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரியாமல்தான் இருக்கும்.

நெஞ்சுக் குழாயை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். ரத்தத்தில் இன்னும் அவ்வளவு மோசமில்லை, பார்க்கலாம் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுக் கேன். இந்த முறை துண்டு போடவில்லை.

பத்து மணிக்கு எஸ்தர் மைனி தனியாக வந்தார், தூக்குவாளியில் கஞ்சியும் பயறும். அவர் மூடியைத் திறக்கவும் எனக்கு முட்டவும் சரியாக இருந்தது. கப்பை எடுத்தேன்.

"அது என்னது?"

"மூத்திரம் பிடிக்கணும் மைனி. கேன்ல ஊத்தணும். நேத்திக்கி முந்தின நாளு நீங்க இருந்ததுனால பிடிக்கல்ல. அதுல கணக்கு தெத்திப் போச்சு."

மைனி கேனைப் பார்த்தார். முகம் கோணியது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். சரி, இனி பதினைந்து வருஷத்துக்கு இதுதான் பேச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன். கப்போடு கழிப்பறைக் கதவைத் திறந்தால் மைனி வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தா இஞ்ச. கழுத்துல குழாயும் வச்சுக்கிட்டு, கப்பையும் ஏந்திக்கிட்டு, வழுக்கி விழப்போற."

"வேண்டாம் மைனி. அருவருப்பு."

"அருவருப்புதான். எங்க அம்மை ஏழு மாசம் கட்டில்ல கெடந்தப்ப யாரு வாரினது, ஒன் பாட்டுக்குழுவா? தா எட்டி."

மூக்கைத் தலைப்பால் மூடி, கையை முழு நீளத்துக்கு முன்னால் நீட்டி, கப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு கட்டில்களைத் தாண்டி நடந்தார். ஊற்றும்போது ஒரு முறை குமட்டினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சரோஜா அக்கா கட்டிலிலிருந்து "ரெண்டு" என்றாள்.

"பொறவு பிள்ளே," என்றார் மைனி கை கழுவிக்கொண்டே, "எலிக்காய்ச்சல்ன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒன்ன கொண்டு போன அடுத்த நாளே பஞ்சாயத்து ஆளுவ வந்து தெருவுல எல்லாருக்கும் அதுக்கு உள்ள குளிகை தந்தாவ. நானும் தின்னேன். நீர்க்கட்டாம் நீர்க்கட்டு."

பதினைந்து நாள் நான் காத்த ரகசியத்தை என் தெரு முழுவதும் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் வரை நான் எதுவும் தின்னவில்லை. லேப் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பாமல் படுத்திருந்தேன். டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சேச்சி, தொட்டி ஒத்துவந்தது."

"எனக்கு தொட்டி வேண்டாம் டாக்டரே. குழாய் வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம்."

செல்வராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இந்த முறை கீழே போக நேரம் கிடைக்கவில்லை.

கிட்னி முழுதாக வந்துவிடவில்லை, பாதிக்கும் கீழேதான், ஆனால் பெட்டி இல்லாமல் ஓடும், மாதங்களில் இன்னும் ஏறும் என்றார். கழுத்துக் குழாயை எடுக்கும்போது தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஒரு விரல் நீளம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உருவ உருவ வந்துகொண்டேயிருந்தது. என் உள்ளங்கையை விட நீளம். நுனியில் கொழகொழவென்று கறுத்த ரத்தம், இறால் குடல் மாதிரி. இது பதினாறு நாள் என் இதயத்தின் வாசலில் கிடந்திருக்கிறது. ஷீபா சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோதே நான் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் கிளம்பும்போது சரோஜா அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வாறேன் அக்கா" என்றேன். "இஞ்ச வராதே, சும்மா போ" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் செல்வராஜ் அந்த முதல் கேனைக் கேட்டு வாங்கிக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறார், கடையில் அமோனியா கரைக்க ஆகுமாம். நல்ல கேனாம். என் பெயர் ஒட்டியது அப்படியே இருந்தது. அதை மதிலுக்கு வெளியே எறிந்தேன். கடைத் தரையை உயர்த்திச் சிமெண்டு பூசியாயிற்று. நான் முட்டு வரை ரப்பர் ஷூ போட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன். எஸ்தர் மைனி இன்னும் சேலையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்றார்கள். இந்த முறை வீட்டிலேயே பிடித்துக் கொண்டுவர வேண்டும். காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை பிடித்தேன். இரண்டேகால் லிட்டர். செல்வராஜுக்குக் கடை, அதனால் நான் தனியாகப் பாறசாலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, கேனை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கூட்டம். ஒவ்வொரு வளைவிலும் மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேனைத் தட்டினான். எங்கள் பக்கத்து ஆட்கள் கேனைக் கண்டால் ஒன்றுதான் கேட்பார்கள்.

"எந்தா சேச்சி, ரப்பர் பாலாணோ? பஸ்ஸில ஊத்திராதே, பிடிச்சா விடாது."

முன் இருக்கையில் எங்கள் சபை ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பாலு இல்ல மக்கா. மூத்திரம் ஆக்கும்" என்றேன். "நேத்து காலத்த ஆறு மணிலேருந்து உள்ளது. ஒரு சொட்டு வெளிய போவல்ல."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலியான அந்த இடத்தில் கேனை வைத்து, மூடியை இன்னொரு முறை முறுக்கினேன்.